மே மாதத்து டீசல்

2021 புத்தாண்டு காலை. டெல்லி சப்தர்ஜங்கில் 1.1 டிகிரி. பதினைந்து ஆண்டுகளில் இப்படியொரு குளிர் இல்லை என்றார்கள். ஒரு சிறிய மருத்துவமனையின் ஜெனரேட்டர் அறையில் இரவுப் பணி முடித்துக் கிளம்பும் நேரம் எனக்கு. ஆறரைக்குக் கரண்ட் போனது.

பெரிய ஜெனரேட்டர் தானாக ஸ்டார்ட் ஆகி இரண்டு நிமிடம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் சத்தம் ஏறி இறங்கியது. வெள்ளைப் புகை தள்ளிவிட்டு நின்றுபோனது. பேனல் மூன்று முறை முயன்று பார்த்து சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டது. சின்ன ஜெனரேட்டரை ஓட்டி ஐசியுவுக்கு மட்டும் லைன் கொடுத்தோம். மேலே வென்டிலேட்டரில் இரண்டு பேர். அதையே நினைத்துக்கொண்டு கீழே ஸ்பானர் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது பிடித்தவர்களுக்குத்தான் தெரியும்.

நான் பேட்டரியைச் சந்தேகப்பட்டேன். குளிரில் பேட்டரி வலு குறையும், ஆயிலும் கெட்டியாகும். ஆனால் ஸ்டார்ட்டர் நன்றாகவே சுற்றியது. என் சீனியர், தென்காசிப் பக்கத்து அண்ணாச்சி, டெல்லி முனிர்காவில் என் தெருக்காரர். அவர் வந்ததும் நேராக டீசல் ஃபில்டரைக் கழற்றினார். மடிப்புக்கு மடிப்பு வெளிர்மஞ்சள் மெழுகு. விரலால் வழித்தால் உறைநெய் போல வந்தது.

“தேங்காண்ணெய் உறைஞ்சா அடுப்புலயால வைப்ப? வெந்நியிலதான வைப்ப? இதுக்கும் அதாம்ல.”

டீசலில் மெழுகு இயல்பாகவே உண்டு. குளிர்ந்தால் படிகமாகி ஃபில்டரை அடைக்கும். அதனால் இங்கே டீசலுக்கும் பருவம் இருக்கிறது. ஃபில்டர் அடைக்கும் வெப்பநிலை கோடை டீசலுக்கு 18 டிகிரி வரை போகலாம், குளிர்கால டீசலுக்கு 6 டிகிரியைத் தாண்டக்கூடாது. லடாக்குக்கென்று 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் கொண்டுவந்த டீசல் மைனஸ் 33 வரை உறையாது. பக்கத்துப் பானிபட்டில்தான் தயாரானது. எங்கள் டேங்க் இருந்தது திறந்தவெளியில். அதில் கிடந்ததோ மே மாதம் வாங்கிய டீசல். அந்த வருடம் கரண்ட் அதிகம் போகவில்லை, அது தீரவே இல்லை.

கேன்டீனில் வெந்நீர் வாங்கி, துணியை நனைத்து டீசல் பைப்பில் சுற்றினோம். டேங்க் அடியில் சேர்ந்திருந்த தண்ணீரை வடித்தோம். பெட்ரோல் பங்கிலிருந்து இரண்டு கேன் புது டீசல் வந்தது. புது ஃபில்டர் போட்டு, டீசல் பைப்பில் புகுந்த காற்றைக் குமிழி நிற்கும்வரை கைப்பம்பால் வெளியேற்றினோம். நாற்பது நிமிடம் ஆனது. லாரிக்காரர்கள் சிலர் டேங்குக்கு அடியில் தீ மூட்டுவார்கள், மண்ணெண்ணெய் கலப்பார்கள். இரண்டையும் செய்யாதீர்கள். ஒன்று உயிரை வாங்கும், மற்றது பம்பைத் தேய்த்துவிடும்.

இப்போதெல்லாம் அக்டோபரிலேயே பழைய டீசலை ஓட்டித் தீர்த்துவிடுகிறேன். வாங்கிய மாதத்தை டேங்கில் சாக்பீஸால் எழுதிவைக்கிறேன். போன டிசம்பரில் புதிதாகச் சேர்ந்த பையன் அதைப் பார்த்துவிட்டு, “டீசலுக்கும் எக்ஸ்பைரியாண்ணே?” என்றான். மறுநாள் அறையிலிருந்து தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்துப்போய் அவன் கையில் கொடுத்து, கவிழ்த்துப் பார்க்கச் சொன்னேன்.