வீட்டுப் பெயர்

1977-இல் இலங்கையிலிருந்து குளத்துப்புழைக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது. பள்ளியில் சேர்க்க அப்பா அழைத்துப் போன அன்று, படிவம் எழுதிக்கொண்டிருந்த ஆசிரியை, "வீட்டுப்பேர் எந்தா?" என்று கேட்டார். கேரளத்தில் ஆளின் பெயரோடு வீட்டின் பெயரும் சேர்ந்து வரும் என்பது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் அறிந்ததெல்லாம் தோட்டத்து வரிசை வீடான லயமும் அதில் எத்தனையாவது காம்பரா, அதாவது அறை, என்பதும்தான். அப்பா சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தம்மைப் பெற்றவளின் பெயரைச் சொன்னார். அப்பாயியின் பெயர் அப்படித்தான் எங்கள் வீட்டின் பெயராயிற்று.

இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இரண்டாவது பிரசவத்தில் ஜன்னி கண்டு அப்பாயி இறந்தபோது அவளுக்கு வயது 26, அப்பாவுக்கு நான்கு. பிள்ளையும் தங்கவில்லை. படம் எடுத்து வைத்துக்கொள்ளும் நிலையில் அன்று யாரும் இல்லாததால், அவள் முகம் எப்படியிருக்கும் என்று அப்பாவுக்கே தெரியாது. சிரித்தால் புறங்கையால் வாயை மறைத்துக்கொள்வாள் என்று அப்பாவின் பெரிய அத்தை சொன்னது ஒன்றுதான் எங்களிடம் உண்டு. தேயிலைச் சரிவின் ஓரத்தில் புதைத்து, தலைமாட்டில் ஒரு கல்யாண முருங்கைக் கொம்பை நட்டிருந்தார்களாம்.

1964 அக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. அந்தக் கணக்கில் நாங்களும் இருந்தோம். ஆனால் முறை வருவதற்குள் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. புறப்படுவதற்கு முதல் நாள் அப்பா தனியாகச் சரிவுக்குப் போய்விட்டு இருட்டிய பிறகே திரும்பினார். தலைமன்னாரில் மூட்டையை உதறிப் பார்த்த சுங்கக்காரர், உள்ளிருந்த பழைய கம்பளியைப் பார்த்துச் சிரித்தார். மழையில் கொழுந்தெடுக்கும்போது அப்பாயி தலையோடு போர்த்திய கம்பளி அது. தோட்டத்தில் கொடுத்து, சம்பளத்தில் விலையைப் பிடித்துக்கொண்டது. ஓரம் முழுவதும் பூச்சி அரித்திருந்தது.

மண்டபம் முகாமில் சில நாள் இருந்த பின், ஆரியங்காவுக் கணவாய் வழியாக மலையிறங்கினோம். தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்காகவே 1976-இல் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு உருவான ரப்பர்த் தோட்ட நிறுவனத்தில்தான் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை கிடைத்தது. ரப்பர் பால் தர ஆறேழு ஆண்டு ஆகும் என்பதால், முதலில் அப்பாவுக்குக் களையெடுப்பும் குழிவெட்டும்தான் வாய்த்தன. பிற்பாடு விடியுமுன் விளக்கோடு போய் 300 மரங்களில் பால் வெட்டப் பழகினார். அம்மாவுக்கு மட்டும், கொழுந்து கிள்ளிப் பழகிய விரல்களோடு சிரட்டையில் உறைந்த ஒட்டுப்பாலை உரிப்பது கடைசிவரை பிடிக்கவில்லை. (அந்த வாடையை முகர்ந்தவர்கள் அம்மாவைக் குறை சொல்ல மாட்டார்கள்.)

இங்கே மிளகுக்கொடி படர நடும் முரிக்கு மரத்தைக் கண்ட அன்று, அது கல்யாண முருங்கையின் இனம்தான் என்று அப்பா அடையாளம் கண்டுகொண்டார். பக்கத்து வீட்டுச் சேட்டனிடம் ஒரு கொம்பு கேட்டு வாங்கி வீட்டின் பின்புறம் நட்டார். வெறும் கொம்பாக ஊன்றினாலே தழைத்துவிடும் மரம் அது. ஆடி அமாவாசை நாளே இங்கே கர்க்கிடக வாவு என்பதால், ஆற்றங்கரையில் இறந்தவர்களுக்குப் பிண்டம் வைத்துப் பலியிடும் மலையாளிகளோடு அவரும் போய் நின்றார். இறந்தவரின் நட்சத்திரம் என்னவென்று கேட்டபோது அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கரையேறி வந்து, சுமங்கலியாகப் போனவளுக்குச் செய்யும் முறைப்படி, முரிக்கின் அடியில் கம்பளியை விரித்து அதன்மேல் ஒரு புதுச்சேலை வைத்துப் படைத்தார்.

அந்த வழக்கம் இன்றுவரை நிற்கவில்லை. அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. இருந்தும் சேலை எடுக்க என்னை மட்டும் அனுப்பச் சம்மதிக்க மாட்டார். சென்ற ஆடியில் புனலூர்க் கடையில், இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு ஏற்றதாகக் காட்டச் சொன்னார். பேத்திக்கா என்று கடைப் பையன் கேட்டான். அம்மாவுக்கு என்று சொல்லிவிட்டு, அரக்குக் கரை போட்ட மஞ்சள் சேலை ஒன்றைத் தனியே எடுத்து வைத்தார்.