அம்பாசடர் பெட்ரோல் இன்ஜின்: கார்புரேட்டரைக் கடைசியில் தொடுங்கள்

வண்டி இழுக்கவில்லை, ஸ்லோவில் நிற்கவில்லை என்றதும் ஸ்குரூடிரைவர் நேராகப் போவது கார்புரேட்டருக்குத்தான். நல்ல இன்ஜின்கள் பல கெட்டது இந்தப் பழக்கத்தால். டாப்பெட் (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவில் உள்ள) இடைவெளி மாறி, ஸ்பார்க்குக்காகக் கரண்டை வெட்டிவிடும் சி.பி. பாயிண்ட் கருகி, ஸ்பார்க் வரும் நேரமான டைமிங் தள்ளிப்போயிருக்கும்போது, பெட்ரோல்-காற்றுக் கலவையை மாற்றும் மிக்சர் ஸ்குரூவைத் திருகினால் ஒரு கோளாறை இன்னொன்றால் மூடுகிறோம். நாலு நாள் ஓடும், அப்புறம் எது எதனால் என்றே தெரியாது. கம்ப்ரஷன், டாப்பெட், இக்னிஷன், அதன் பிறகே கார்புரேட்டர். இந்த வரிசை மாறவே கூடாது.

இங்கே சொல்வதெல்லாம் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினுக்கு. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த பி சீரிஸ் இன்ஜின், நாலு சிலிண்டர், எட்டு வால்வு, ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை) 1-3-4-2. பிற்பாடு வந்த 1.8 லிட்டர் இசுசு இன்ஜினுக்கும் டீசலுக்கும் அளவுகள் வேறு.

ஸ்பானர் விஷயத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இந்த இன்ஜினில் பெரும்பாலும் இன்ச் நட்டுகள். அரை இன்ச் நட்டில் 13 மி.மீ. ஸ்பானர் போய் உட்காரும், ஆனால் அரை இன்ச் என்பது 12.7 மி.மீ. அந்த 0.3 மி.மீ. ஆட்டத்தில்தான் நட்டின் முனைகள் உருண்டுபோகின்றன. 7/16, 1/2, 9/16 மூன்றும் ரிங் ஸ்பானராக இருந்தால் வீட்டு வேலைக்குப் போதும். கூடவே ஒரு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய பிளேடுகள்), 12 வோல்ட் டெஸ்ட் பல்பு, கம்ப்ரஷன் கேஜ், வேக்யூம் கேஜ்.

கம்ப்ரஷன் பார்க்கும்போது இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், நாலு பிளக்கையும் கழற்ற வேண்டும், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடிக்க வேண்டும். மிதிக்காமல் எடுத்த அளவு பொய் சொல்லும். நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் மேலே போகலாம். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அதில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு, அல்லது ஹெட் கேஸ்கட். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் பெரும்பாலும் நடுவில் கேஸ்கட் போயிருக்கும். இந்த நிலையில் டியூனிங் செய்வது வீண்.

டாப்பெட்டுக்கு பிளக்குகளை வெளியிலேயே வைத்துவிட்டு, முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றினால் இன்ஜின் சுலபமாகத் திரும்பும். வரிசைக்கு ஒரு கணக்கு உண்டு: முழுக்கத் திறந்திருக்கும் வால்வின் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால் வருவதைச் சரிசெய்யலாம். எட்டாவது திறந்திருந்தால் ஒன்று, ஆறாவது என்றால் மூன்று, நாலாவது என்றால் ஐந்து, ஏழாவது என்றால் இரண்டு. ஹேண்டிலை மேலும் சுற்றினால் இதே ஜோடிகள் தலைகீழாக வரும். பி சீரிஸ் குடும்பத்தில் வழக்கமான இடைவெளி 0.015 இன்ச், அதாவது 0.38 மி.மீ. அது இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா, சூட்டிலா என்பதை உங்கள் மாடலின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்குரூவும் கூடவே கொஞ்சம் திரும்பும். அதனால் இறுக்கிய பிறகு ஃபீலரை மறுபடி விட்டுப் பார்க்காத டாப்பெட் செட்டிங் செட்டிங்கே அல்ல. பிளேடு லேசாகப் பிடித்துக்கொண்டு நகர வேண்டும், சும்மா வழுக்கிக்கொண்டு போகக் கூடாது.

எல்லாம் சரியாக வைத்தும் டக்டக் சத்தம் போகாத வண்டிகள் உண்டு. ராக்கரைக் கழற்றி அதன் நுனியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வால்வு தண்டு இடித்து இடித்து அங்கே சின்னக் குழி விழுந்திருக்கும். தட்டையான ஃபீலர் பிளேடு அந்தக் குழியின் மேல் பாலமாக நிற்கிறது. நீங்கள் அளந்தது 0.015 இன்ச், வால்வுக்குக் கிடைப்பது அந்த 0.015-உம் குழியின் ஆழமும். அந்த ராக்கரைத் தேய்த்துச் சமப்படுத்தவோ மாற்றவோ வேண்டும். சத்தத்தை அடக்க இடைவெளியைக் குறைத்தால் எக்ஸாஸ்ட் வால்வு முழுக்க உட்காராமல் எரிந்துபோகும். சத்தம் போடும் டாப்பெட்டை விட சத்தமே இல்லாத டாப்பெட்டுக்குத்தான் பயப்பட வேண்டும்.

ராக்கர் மூடியைத் திரும்ப மூடும்போது கார்க் கேஸ்கட்டை அளவுக்கு மீறி இறுக்காதீர்கள், பிதுங்கி வெடித்து ஆயில் வழியும்.

இக்னிஷனில் சி.பி. பாயிண்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 இன்ச். ஸ்பார்க்கை நாலு பிளக்குக்கும் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் கேமின் மூக்கில் பாயிண்ட்டின் ஹீல் (கேமை உரசும் முனை) உட்கார்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். பாயிண்ட்டில் ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் பள்ளமும் இருந்தால் பாயிண்ட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை, கண்டென்சரைப் பாருங்கள். இதில் அதன் அளவு 0.18 முதல் 0.24 மைக்ரோஃபாரட். கண்டென்சர் செத்தால் ஸ்பார்க் நீலமாக இல்லாமல் மஞ்சளாக, ஒல்லியாக வரும், புதுப் பாயிண்ட்டும் சீக்கிரமே கருகும். பிளக் இடைவெளி 0.025 இன்ச். கேமுக்குத் துளி கிரீஸ் வையுங்கள். வறண்ட கேமில் ஹீல் தேயும், ஹீல் தேய்ந்தால் இடைவெளி குறையும், இடைவெளி குறைந்தால் டைமிங் தானாகப் பின்னால் போகும். டைமிங் வைக்கும் முன் பாயிண்ட் வைக்க வேண்டும் என்பது இதனால்தான்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு முதலில் பார்க்க வேண்டியது டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறம். துணியால் துடைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால், ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு பென்சிலால் கிறுக்கியதுபோல மெல்லிய கறுப்புக் கோடு தெரியும். ஈரத்தில் கரண்ட் பாய்ந்து பாய்ந்து பதிந்த கரிப்பாதை அது. சுரண்டினாலும் திரும்ப வரும், மூடியை மாற்றுவது ஒன்றே வழி. வயல் முழுக்கத் தண்ணீர் நிற்கும் அந்த மாதங்களில் எலிகளும் கொட்டகைக்கு ஏறிவிடும். பிளக் வயர்களின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், மேலே கண்ணுக்குத் தெரியாத கடி அங்கேதான் இருக்கும்.

டைமிங் வைக்க ஒன்றாம் சிலிண்டரை கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் கொண்டுவந்து, புல்லியின் வெட்டை டைமிங் கவரின் முள்ளுக்கு நேராக நிறுத்துங்கள். நீளமான முள் டாப் டெட் சென்டர் (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்), மற்றவை அதற்கு முந்தைய டிகிரிகள். டெஸ்ட் பல்பின் ஒரு முனை டிஸ்ட்ரிபியூட்டரில் இக்னிஷன் காயில் வயர் வந்து சேரும் டெர்மினலில், மறுமுனை பாடியில். இக்னிஷன் ஆன். பல்பு எரியத் தொடங்கும் கணமே பாயிண்ட் திறக்கும் கணம். ரோட்டர் மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. எனவே டிஸ்ட்ரிபியூட்டர் உடலை வலஞ்சுழியாகத் திருப்பினால் டைமிங் முன்னேறும். டாப் டெட் சென்டருக்கு 5 டிகிரி முன்னால் வைத்துத் தொடங்குங்கள். முடிவு செய்வது ரோடுதான். நம் காவிரி டெல்டாவில் ஏற்றம் என்று எதுவும் இல்லை, ரயில்வே மேம்பாலம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். டாப் கியரில் நாற்பது வேகத்தில் ஏறி ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் ஒரு நொடி மெலிதாகச் சலசலத்து அடங்க வேண்டும். தொடர்ந்து சலசலத்தால் டைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்கு வாங்குங்கள். சத்தமே இல்லாமல் மந்தமாக ஏறினால் கொஞ்சம் முன்னேற்றுங்கள். ஒரு தடவைக்கு ஒரு டிகிரிக்கு மேல் வேண்டாம்.

இப்போது கார்புரேட்டருக்கு வரலாம். பங்க்கில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலில் இன்று 20 சதவீதம் வரை எத்தனால். எத்தனால் இல்லாத பெட்ரோல் ஒரு பங்கு முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்த இ20-க்குச் சுமார் 13.5 போதும். அந்தக் காலத்துப் பெட்ரோலுக்குத் துளையிட்ட ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் திருகு) அதே அளவைத்தான் இன்றும் விடுகிறது, ஆகவே கலவை மெலிந்துவிடுகிறது. ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் ஒரு தயக்கம், கார்புரேட்டர் வழியாகத் தும்மல், வழக்கத்தை மீறிய சூடு, இவை மூன்றும் அதன் அடையாளம். சோலெக்ஸ் கார்புரேட்டரின் ஜெட்டில் பொறித்திருக்கும் எண் துளையின் விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காக. 120 என்றால் 1.20 மி.மீ. 120-க்குப் பதில் 125 போட்டால் துளையின் பரப்பு எட்டரை சதவீதம் கூடுகிறது, இ20 கேட்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஊசியை விட்டுத் துளையைப் பெருக்குவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அது வட்டத்தைக் கெடுக்கும், திரும்பச் சரிசெய்ய வழியில்லை.

ஸ்லோ செட்டிங் இன்ஜின் முழுச் சூட்டில் மட்டும். மிக்சர் ஸ்குரூவை மெதுவாக உள்ளே உட்காரும்வரை திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். இறுக்கி உட்கார வைத்தால் ஸ்குரூ நுனியில் வளையம் விழுந்துவிடும், அதன் பிறகு அந்த ஸ்குரூவால் பயனில்லை. மேனிஃபோல்டில் வேக்யூம் கேஜை மாட்டி, கால் கால் சுற்றாகத் திருப்பி, முள் மிக உயரத்தில் அசையாமல் நிற்கும் இடத்தைப் பிடியுங்கள். நல்ல இன்ஜினில் 18 முதல் 20 இன்ச் வரும். மலையூர்க்காரர்கள்போல உயரத்துக்குக் கழிக்க வேண்டியதில்லை, தஞ்சாவூரே நூறு மீட்டருக்குக் கீழேதான். முள் ஒரே தாளத்தில் துள்ளினால் வால்வில் குறை இருக்கிறது, கார்புரேட்டரை விட்டுவிட்டு முதலுக்குத் திரும்புங்கள். எஸ்.யூ. கார்புரேட்டர் இருந்தால் அடியிலுள்ள ஜெட் நட்டை மேலே ஏற்றினால் மெலியும், இறக்கினால் செறியும். அந்தக் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை இம்மியளவு தூக்கும்போது வேகம் ஏறி அப்படியே நின்றால் கலவை அதிகம், இறங்கினால் குறைவு, லேசாக ஏறி அடங்கினால் சரி.

எத்தனால் பழைய ரப்பரையும் தின்னும். பெட்ரோல் ஹோஸை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். மெக்கானிக்கல் பம்ப் என்றால் டயாஃப்ரத்தையும் மாற்றுங்கள். டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேராக சம்ப்புக்குள் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் குறையாமல் ஏறுகிறது, பெட்ரோல் வாடை அடிக்கிறது என்றால் வண்டியை ஸ்டார்ட்கூடப் பண்ணாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் நம் பகுதி மோசம். நாகை, வேதாரண்யம் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு, உள்ளே வந்தாலும் பல இடங்களில் கடினம். ரேடியேட்டரில் அதை ஊற்றினால் பிளாக்குக்குள் சுண்ணாம்புக் காரை படியும், அதிகம் சேர்வது நாலாம் சிலிண்டர் பின்பக்கம். பிளாக்கின் வடிகால் குழாயைக் கழற்றியும் தண்ணீர் வரவில்லை என்றால் அங்கே சேறு கட்டியிருக்கிறது. கம்பியால் குத்தி, கலங்கல் தெளியும்வரை தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அப்புறம் பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது இங்கே பலருக்கு வழக்கம். இன்ஜின் சூட்டுக்கு வராமல் ஓடினால் பெட்ரோல் ஆயிலோடு கலந்து சிலிண்டர் தேயும். சூடேறுகிறது என்றால் காரணம் காரையிலோ ரேடியேட்டர் இடுக்கிலோ இருக்கிறது. அறுவடைக்குப் பிறகு ரேடியேட்டரின் முன்முகத்தில் நெல் தூசும் பதரும் ஒட்டிக் கிடக்கும். இன்ஜின் பக்கத்திலிருந்து முன்னோக்கித் தண்ணீர் அடித்துக் கழுவினால்தான் வெளியேறும்.

ஆயில் 20டபிள்யூ-50. கிராங்கின் பின்பக்கத்தில் இந்த இன்ஜினுக்கு ஆயில் சீல் கிடையாது, தண்டில் வெட்டிய திருகுப் பள்ளம்தான் ஆயிலை உள்ளே தள்ளுகிறது. அதனால் ஓரிரு சொட்டு இயல்பு. திடீரென்று கூடினால் இன்ஜினைப் பிரிக்கும் முன் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா பாருங்கள். உள்ளே அழுத்தம் ஏறினால் பள்ளத்தால் தடுக்க முடியாது. ஓட்டத்தில் ஆயில் அழுத்தம் 50 பி.எஸ்.ஐ. பக்கம் இருந்தால் நிம்மதி.

தையிலும் பங்குனியிலும் ரோட்டில் வைக்கோலும் உளுந்துச் செடியும் காயப் போட்டிருப்பார்கள். அதன் மேல் ஓட்டி வந்தால் அன்றைக்கே வண்டிக்கு அடியில் பாருங்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் சுற்றிய வைக்கோலை அறுத்து எடுங்கள். எக்ஸாஸ்ட் பைப்பில் சிக்கியதை உடனே எடுக்க வேண்டும், சூட்டில் பற்றிக்கொள்ளும்.