கடியத்துக் களிமண்

திருச்சியில் எங்கள் வீட்டு மாடியில் நான் வைத்த ரோஜா எதுவும் மூன்று மாதம் தாண்டியதில்லை. தள்ளுவண்டிக்காரரிடம் கேட்டால், "கடியத்துச் செடிம்மா, சாகவே சாகாது" என்பார். ஐந்தாவது செடியும் கருகியபோது சரி, ஆந்திராவில் நர்சரிகளுக்குப் பேர்போன அந்தக் கடியத்தையே போய்ப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பிவிட்டேன்.

ராஜமுந்திரி வரை ரயில். கொவ்வூர் தாண்டியதும் கோதாவரிப் பாலம், பெட்டியில் பாதிப் பேர் ஜன்னலுக்கு வந்து ஆற்றில் காசு போட்டார்கள், நானும் போட்டேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் கடியத்தை ஒட்டிய கடியபுலங்கா. நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் நர்சரிதான், காகிதப்பூ, செம்பருத்தி, இட்லிப்பூ, அடீனியம் என்று கண் போன தூரத்துக்கு நிறம். இத்தனைக்கும் தண்ணீர் தருவது தவளேஸ்வரம் அணையின் கால்வாய்கள். 1852-இல் அந்த அணையைக் கட்டி முடித்த ஆர்தர் காட்டன்தான் அதற்கு முன்பு நம் முக்கொம்பு மேலணையையும் கட்டினார். முக்கொம்புக்குப் பக்கத்திலிருந்து செடி வாங்க இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன், வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள்.

ஒரு கொட்டகையில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து, ஈரக் கறுப்பு மண்ணைக் கொழுக்கட்டை மாவு மாதிரி எடுத்து ரோஜா நாற்றின் வேரைச் சுற்றி அமுக்கிக்கொண்டிருந்தார்கள். விரலால் கிள்ளிப் பார்த்தேன், அப்படியே ஒட்டியது. கோதாவரி வண்டல், சுத்தக் களி. லாரியில் ரெண்டு மூன்று நாள் போனாலும் வேர் காயாமல் இருக்க இதுதான் வழியாம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் அந்தக் கட்டியை அப்படியே தொட்டியில் இறக்கித் தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். ஒருமுறை காய்ந்து இறுகிய களியைச் சுற்றி ஊற்றும் தண்ணீர், பக்கத்து மண் வழியாகவே அடிக்கு ஓடிவிடும். மேலே ஈரம், உள்ளே வேர் தாகத்தில் கிடந்திருக்கிறது. தள்ளுவண்டிக்காரரை எவ்வளவு திட்டியிருப்பேன்!

அங்கிருந்த பெரியவர் தெலுங்கிலும் கையிலுமாகச் சொன்னது இதுதான்: ஊருக்குப் போனதும் கட்டியை அரை மணி நேரம் வாளித் தண்ணீரில் ஊறவிடு, ஓரத்து மண்ணை மட்டும் மெல்லக் கரைத்துவிடு, வேரைப் பிய்க்காதே. ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழே துளிர் வந்தால் யோசிக்காமல் கிள்ளிப் போடு, அது காட்டு ரோஜா, மேலே இருப்பதை வளர விடாது.

ஆறு ரோஜா, இரண்டு காகிதப்பூ வாங்கினேன். ரயிலில் என் சீட்டுக்கு அடியில் அட்டைப்பெட்டி, எதிர் சீட்டு அம்மாவின் காலில் முள் குத்தி ஒரு குட்டிச் சண்டை, அப்புறம் அவரே ஒரு ரோஜாச் செடி கேட்டு வாங்கிக்கொண்டார்.

மீதி ஐந்து ரோஜாவையும் ஊறவைத்து, செம்மண், தொழு உரம், தென்னை நார்க் கழிவு கலந்து நட்டு, ஒரு வாரம் நிழலில் வைத்தேன். எல்லாமே இலையைக் கொட்டிவிட்டு மொட்டைக் குச்சியாக நின்றன. இப்போது நான்காவது மாதம். நான்கு துளிர்த்துவிட்டன, ஒன்றில் மொட்டு. ஐந்தாவதை மட்டும் தினமும் நகத்தால் கீறிப் பார்க்கிறேன், உள்ளே இன்னும் பச்சைதான்.