அந்த ரிஸ்க்கில் யாருக்கெல்லாம் பங்கு?

எம்.பி.ஏ.வுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் என்னிடம் இரண்டு காரியங்களுக்காக வருவார்கள். ஒன்று, எழுதிய கட்டுரையைப் படித்துப் பார்க்கச் சொல்லி. இன்னொன்று, சிபாரிசுக் கடிதம் கேட்டு. ஒரு டீமை நடத்துகிறவனுக்கு இரண்டாவது வேலை தானாகவே வந்து சேரும். முதலாவது வருவதற்குக் காரணம், நானும் ஒரு காலத்தில் அந்தப் படிவங்களோடு மல்லுக்கட்டியவன் என்பது. இரண்டையும் பல வருடங்களாகச் செய்துவருவதில் ஒரு வசதி இருக்கிறது. ஒரு சம்பவத்தை விண்ணப்பதாரர் எப்படி எழுதுகிறார் என்பதும் தெரியும், ஆபீஸில் அது எப்படி நடந்தது என்பதும் தெரியும்.

கல்லூரிகளின் கேள்விகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் முன்பு மூன்று முக்கியமான சாதனைகளை 600 சொற்களுக்குள் எழுதச் சொன்னது. அவற்றை ஏன் சாதனை என்று நினைக்கிறீர்கள் என்றும் சேர்த்துக் கேட்டது. பிறகு, ‘எங்களுக்கு வேறென்ன தெரிய வேண்டும்?’ என்கிற மாதிரி ஒரே கேள்விக்கு வந்து நின்றது. 2024-ல் அதையும் மாற்றி, தொழில், தலைமை, வளர்ச்சி என்று மூன்று சின்னக் கட்டுரைகள். எதுவுமே 300 சொற்களைத் தாண்டக் கூடாது. இன்சியாட் பல ஆண்டுகளாக ஒரே கட்டுரையில் இரண்டையும் கேட்டுவந்தது: எதை நினைத்து மிகவும் பெருமைப்படுகிறீர்கள், எதில் தோற்றீர்கள். ஸ்டான்ஃபோர்டின் கேள்வி நெடுங்காலமாக மாறாதது: உங்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது எது, ஏன்? ஐ.ஐ.எம். மாதிரி இந்தியக் கல்லூரிகளுக்கான கேட் (CAT) தேர்வு வழியே போகிறவர்களுக்கு இப்படிப்பட்ட நீண்ட கட்டுரைகள் இல்லை என்றாலும், நேர்முகத்தில் வேலை அனுபவத்தைப் பிரித்து மேய்ந்துவிடுவார்கள்.

எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வான ஜிமேட் ஒப்பீட்டளவில் சுலபம் என்று சொன்னால் அடிக்க வருவார்கள். ஆனாலும் சொல்கிறேன். 2023 இறுதியில் வந்த புது வடிவத்தில் மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம், மதிப்பெண் 205-லிருந்து 805 வரை. என்ன படிக்க வேண்டும், எங்கே மதிப்பெண் போகிறது என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. சாதனைக்கும் ரிஸ்க்குக்கும் பாடத்திட்டம் கிடையாது. (இருக்கிறது என்று சொல்லிப் பணம் வாங்குகிறவர்களுக்குக் குறைவில்லை.)

ஒருவர் கொண்டுவந்த கட்டுரையின் முதல் வரியிலேயே ஒரு சதவீதம் உட்கார்ந்திருந்தது. கையிருப்பைக் குறைத்து நிறுவனத்துக்கு இத்தனை சதவீதச் செலவை மிச்சப்படுத்தினேன் என்று எழுதியிருந்தார்.

“இந்த நம்பர் எங்கேர்ந்து வந்துச்சு?”

“ஃபைனான்ஸ் ப்ரசென்டேஷன்ல இருந்துச்சு சார்.”

அதில் உங்கள் வேலையால் வந்தது எவ்வளவு என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அந்த வருடம் கொள்முதல் விலை இறங்கியிருந்தது. ஒரு கிடங்கையே மூடியிருந்தார்கள். எல்லாம் சேர்ந்த கணக்கு அது. அவர் பொய் சொல்லவில்லை. அந்த எண் அவருடையதாக இல்லை, அவ்வளவுதான்.

பேச்சுவாக்கில் இன்னொன்று சொன்னார். மாதக் கூட்டத்தில் கிடங்குக்காரர்களும் விற்பனைப் பிரிவும் எப்போதும் மோதிக்கொள்வார்கள். ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு கையிருப்பு சொல்வார்கள். வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய சரக்கை ஒரு தரப்பு வந்து இறங்கிய அன்றே கணக்கில் சேர்த்துக்கொள்ளும். இன்னொரு தரப்பு தரப் பரிசோதனை முடிந்த பிறகுதான் சேர்க்கும். சண்டைக்கு மூலம் இதுதான் என்று யாருக்கும் தோன்றவில்லை. இவராகப் போய் இரண்டு பிரிவிலும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பிறகு எந்த நாளில் கணக்கில் ஏறும் என்பதற்கு ஒரே விதியை எழுதி, இரண்டு பேரிடமும் ஒப்புதல் வாங்கியிருக்கிறார். இரண்டு பிரிவுத் தலைவர்களுமே அவரைவிடப் பதவியில் பெரியவர்கள். இதற்காக விருது கிடைக்கவில்லை, அப்ரைசலில் ஒரு வரிகூட இல்லை.

“இதெல்லாம் எழுதுற அளவுக்குப் பெரிய விஷயமா சார்?”

நான் படித்த வரையில் அவர் கட்டுரையிலேயே அதுதான் பெரிய விஷயம். சொன்னால் கேட்டாக வேண்டும் என்ற அதிகாரம் கையில் இல்லாமல் இரண்டு பேரை ஒத்துக்கொள்ள வைத்தவரைப் பற்றி ஒரு தேர்வுக் குழுவுக்கு நிறையப் புரியும். சதவீதத்திலிருந்து எதுவும் புரியாது. அதே மாதிரி சதவீதத்தோடு அடுத்த விண்ணப்பம் வரிசையில் காத்திருக்கும்.

ரெஸ்யூமே எழுதிப் பழகிய கை அப்படித்தான் போகும். எண் இல்லாத வரி வீண் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆபீஸில் எதைச் செய்தாலும் ‘நாங்க பண்ணோம்’ என்று பேசுகிறவர், கட்டுரைக்கு வந்ததும் டீம் மொத்தத்தையும் தனக்குள் சுருட்டிக்கொண்டு ‘நான்’ ஆகிவிடுகிறார். படிக்கிறவருக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: போனை எடுத்துப் பேசியது யார், முதல் வரைவை எழுதியது யார், எல்லோரும் வேண்டாம் என்றபோது விடாமல் நின்றது யார். கட்டுரையோடு சிபாரிசுக் கடிதமும் ஒரே கோப்பில் இருக்கும் என்பது பலருக்கு மறந்துவிடுகிறது. கட்டுரையில் ‘நான் தலைமை தாங்கினேன்’, கடிதத்தில் ‘குழுவில் முக்கியப் பங்காற்றினார்’ என்று இருந்தால் எதை நம்புவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

ரிஸ்க் பற்றி எழுதும்போது சிக்கல் வேறு மாதிரி. பெரும்பாலானவர்கள் வேலையை விட்டதைச் சொல்வார்கள். நிலையான கம்பெனியை விட்டுச் சின்னக் கம்பெனியில் சேர்ந்தது, ஊர் விட்டு ஊர் போனது, வேறு துறைக்குத் தாவியது. இவை சொந்த ரிஸ்க்குகள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆபீஸுக்குள் எடுத்த ரிஸ்க்குகளைப் படிக்கும்போதுதான் எனக்கு நெருடும். ‘சோதனை முழுதாக முடியாத நிலையிலும் துணிந்து ரிலீஸ் செய்தேன்.’ சரி, அது உடைந்திருந்தால் இரவெல்லாம் உட்கார்ந்து சரிசெய்திருக்கப்போவது சப்போர்ட் டீம். அவதிப்பட்டிருக்கப்போவது அதைப் பயன்படுத்துகிறவர்கள். ‘மேலிடத்து ஒப்புதலுக்குக் காத்திராமல் கிளையன்ட்டுக்குத் தள்ளுபடி கொடுத்தேன்.’ அது கம்பெனியின் பணம். இங்கே துணிச்சல் மட்டும் எழுதியவருடையது, நஷ்டம் வந்திருந்தால் அது வேறொருவருடையது.

கணக்கிட்டுப் பார்க்கக்கூடிய ஆபத்து வேறு, கணக்கே போட முடியாத நிச்சயமின்மை வேறு என்று பொருளியலாளர் ஃப்ராங்க் நைட் 1921-லேயே பிரித்துக் காட்டினார். விண்ணப்பக் கட்டுரைகளுக்கு இன்னொரு பிரிவினையும் தேவை என்பேன்: தன் கையில் இருந்ததை வைத்து எடுத்த ரிஸ்க்கா, அடுத்தவர் கையில் இருந்ததை வைத்து எடுத்ததா? படிவத்தில் இந்தக் கேள்வி இருக்காது. நல்ல நேர்முகத்தில் ஏதாவது ஒரு வடிவில் வந்துவிடும்.

என் டீமில் இருந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய பில்லிங் மென்பொருளிலிருந்து புதியதற்கு மாறும் ப்ராஜெக்ட். வாராந்திர அறிக்கையில் எல்லாக் கட்டமும் பச்சை. மாறும் தேதி நெருங்கிவிட்டது. அந்த நேரத்தில் அவர் ஒன்றைக் கவனித்தார்: சோதனைக்கு எடுத்த கணக்குகள் எல்லாமே நடப்பு ஆண்டின் கணக்குகள். பகுதிப் பணம் மட்டும் கட்டி நிற்கும் பழைய கணக்குகள் ஒன்றுகூட அதில் இல்லை. பழைய மென்பொருள் வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர வேண்டிய தொகையை மைனஸ் போட்ட பில்லாகவே சேமித்து வைத்திருந்தது. புதியதில் அதற்குத் தனி இடம். மாற்றும்போது அந்த மைனஸ் எங்கே போய் விழும் என்று யாரும் பார்த்திருக்கவில்லை.

தேதியைக் கிளையன்ட்டுக்குக் கொடுத்தது நான். தள்ளிப்போனால் பதில் சொல்ல வேண்டியதும் நான்தான். அவர் கிளையன்ட் கூட்டத்திலேயே கையைத் தூக்கிப் பேசியிருக்கலாம். கட்டுரைக்கு அது இன்னும் எடுப்பாக இருந்திருக்கும். முதலில் என்னிடம் வந்தார். கையில் ஒரு பக்கம். என்ன தவறலாம், யாருக்குத் தவறான பில் போகலாம், தேதியை முழுதாகத் தள்ளாமல் ஒரே ஒரு கிளையை மட்டும் முதலில் மாற்றி ஒரு மாதக் கணக்கு முடியும்வரை பழையதையும் சேர்த்து ஓட்ட முடியுமா என்பது. கடைசியில், தனக்கு இன்னும் தெரியாதவை எவை என்று ஒரு பட்டியல். அந்தப் பட்டியல்தான் என்னைச் சம்மதிக்க வைத்தது.

கிளையன்ட் கூட்டத்துக்கு இருவரும் போனோம், பேசியது அவர். அந்தத் தரப்புத் தலைவருக்குக் கோபம். கடைசி நேரத்தில் வந்து சொல்கிறீர்கள் என்றார்; அந்த அரையாண்டில் கிளையன்ட் தரப்பிலிருந்து அந்தப் பெண்ணைப் பற்றி வந்த கருத்தும் நன்றாக இல்லை. ஒரு கிளையை மட்டும் முதலில் மாற்ற ஒத்துக்கொண்டார்கள். மாத முடிவில் சில கணக்குகள் ஒத்துப்போகவில்லை, சரிசெய்தோம். பிறகு மற்ற கிளைகளும் மாறின.

இதில் சாதனை எங்கே? எல்லாக் கிளைகளையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. நடக்காமல் போன கெடுதலுக்கு எந்த ரிப்போர்ட்டிலும் இடம் கிடையாது. தீயை அணைத்தவருக்குக் கைத்தட்டல் கிடைக்கும், அடுப்பை நேரத்தோடு அணைத்தவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முதல் வரைவில் அவர் ‘பெரும் இழப்பைத் தவிர்த்தேன்’ என்று எழுதியிருந்தார். அந்த வரியை எடுத்துவிடலாமே என்றேன். அந்த ஒரு கிளையில் ஒத்துப்போகாத கணக்குகளை மட்டும் சொல்லிவிட்டு, மற்றதைப் படிக்கிறவர் ஊகத்துக்கு விட்டார். கட்டுரை சிறியதாயிற்று. முன்னதைவிட நம்பும்படியாக இருந்தது.

ஒரு கல்லூரியின் நேர்முகத்தில், “உங்கள் மேனேஜர் முடியாது என்று சொல்லியிருந்தால்?” என்று கேட்டிருக்கிறார்கள். எழுத்தில் பதிவு செய்துவிட்டுத் தேதிப்படி வேலையை முடித்திருப்பேன், அவரைத் தாண்டிப் போயிருக்க மாட்டேன் என்று சொன்னாராம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. தவறான பில் போய்ச் சேரப்போகிறது யாருக்கோ. அவர்கள் என் கீழ் வேலை செய்கிறவர்கள் இல்லை. நான் மறுத்திருந்தால் என்னைத் தாண்டிப் போயிருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். அதை அவரிடமும் சொன்னேன். “இப்ப சொல்றீங்க சார்,” என்று சிரித்தார்.

அவர் உண்மையில் எடுத்த பெரிய ரிஸ்க், எந்தக் கட்டுரையிலும் வராத ஒன்று. என்னிடம் கடிதம் கேட்டது. அநேகக் கல்லூரிகள் நேரடி மேலதிகாரியிடமிருந்து கடிதம் எதிர்பார்க்கின்றன. மேலதிகாரியிடம் கேட்பது என்றால், இடம் கிடைத்தால் போய்விடுவேன் என்று முன்கூட்டியே சொல்வது. கிடைக்காமலும் போகலாம். அப்புறம் ‘எப்படியும் போகப்போகிறவர்’ என்று நல்ல ப்ராஜெக்ட் கைமாறும், ப்ரமோஷன் பட்டியலில் பெயர் இறங்கும். இப்படி நடந்து நான் பார்த்திருக்கிறேன். அதனால் பலர் பழைய மேலதிகாரியிடமோ வேறு பிரிவில் இருப்பவரிடமோ போகிறார்கள். காரணத்தை விளக்கக் கூடுதல் குறிப்பு எழுத பெரும்பாலான கல்லூரிகள் இடம் தருகின்றன. அதைப் பயன்படுத்துவதில் தயக்கமே தேவையில்லை.

கேட்ட பிறகு இன்னொரு சங்கடம். ‘நீங்களே எழுதிக் கொண்டுவாங்க, நான் அனுப்பிடறேன்’ என்று சொல்கிற மேலதிகாரிகள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். வேலை மிச்சம் என்று நினைக்கிறார்கள். கல்லூரிகள் இதைத் தெளிவாகத் தடை செய்கின்றன, அது ஒருபுறம். தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்கிறவருக்குத் தன் முதுகு தெரியாது. பல கல்லூரிகள் பயன்படுத்தும் பொதுவான கடிதப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: விண்ணப்பதாரருக்கு நீங்கள் சொன்ன மிக முக்கியமான திருத்தம் எது, அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார்? தானே எழுதிக்கொள்கிறவர் இங்கே ‘சில சமயம் அளவுக்கு மீறி உழைக்கிறார்’ என்றுதான் எழுதுவார்.

நான் அவருக்கு எழுதியது, கெட்ட செய்தியைத் தாமதமாகக் கொண்டுவருகிறார் என்பதை. அந்த பில்லிங் விஷயத்தில் சந்தேகம் வந்து, எல்லாவற்றையும் சரிபார்த்து, பக்கம் தயார் செய்து என்னிடம் வருவதற்குள் நேரம் போய்விட்டது. கிளையன்ட்டின் கோபத்தில் ஒரு பங்கு நியாயம் இருந்தது. பாதி தெரிந்த நிலையிலேயே வாருங்கள், மீதியைச் சேர்ந்து தேடலாம் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். அடுத்த ப்ராஜெக்டில் பாதி தெரிந்த நிலையிலேயே வந்தார். வந்ததில் சில வெறும் சந்தேகங்களாகவே முடிந்தன. அதையும் கடிதத்தில் எழுதினேன். தேர்வுக் குழு எப்படி எடுத்துக்கொள்ளும் என்று யோசித்துப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டேன்.

பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகளின் இரண்டாவது விண்ணப்பச் சுற்றுக்கு ஜனவரி தொடக்கத்தில் கடைசி நாள். ஆண்டு இறுதி வேலை நெரிசலுக்கு நடுவில் கடிதத்தை அனுப்பினேன். முடிவு வர இன்னும் மாதங்கள் இருந்தன. கிடைக்கும் என்று அவருக்கே நம்பிக்கை இல்லை. அவர் போய்விடுவார் என்றே வைத்துக்கொண்டு, அவருடைய வேலையைப் பழகிக்கொள்ள இன்னொருவரைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். ஏன் திடீரென்று என்று கேட்டவர்களிடம், லீவு எடுத்தால் மாற்று ஆள் வேண்டாமா என்று சொல்லி வைத்தேன்.