குழி பார்க்கிற பிள்ளை

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் படிப்பு 5 வருடம். அதற்குள் நுழைய உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது, தனியாக ஓர் உளச்சார்புப் பரீட்சையும் எழுத வேண்டும். இவ்வளவையும் முடித்துவிட்டுக் கிளிநொச்சிப் பக்கம் வேலைக்கு வந்தால், எல்லோருக்கும் நான் 'எஞ்சினியர் பிள்ளை'. முதல் ஒரு வருடம் திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

வன்னியில் வீடு கட்டுவது யாருக்கும் புதிதல்ல. போருக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் 550 சதுர அடி வீட்டுக்கு 550,000 ரூபாய் கட்டம் கட்டமாக வங்கிக் கணக்கில் வந்தது. மேசனைப் பிடிப்பது, மணல் பறிப்பிப்பது, சீமெந்துக்கல் அரிவிப்பது எல்லாம் வீட்டுக்காரர் பாடு. கணவனை இழந்த பெண்கள் வெயிலில் தனியாக நின்று அத்திவாரம் வெட்டுவித்த ஊர் இது. அவர்களிடம் போய் வடிவமைப்புக்குக் கட்டணம் என்றால், "நாலு அறை, ஒரு ஹோல், குசினி. இதைக் கீற இவ்வளவு காசோ?" என்று கேட்கத்தான் செய்வார்கள். கோபம் வருவதில்லை. பதில்தான் வருவதில்லை.

சென்ற வருடம் ஓர் அம்மாவின் வீட்டு வேலை வந்தது. கால் ஏக்கர் காணி, வீதி கிழக்கே. அகலம் 80 அடி, நீளம் 136 அடி. காசு கனடாவிலிருக்கும் மகனுடையது, படங்களும் அவர் அனுப்பியவைதான். தட்டைக் கொங்கிறீட் கூரை, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, தாழ்வாரம் என்பதே கிடையாது. "அண்ணா, சித்திரையில் அம்மா இதுக்குள்ள இருக்க மாட்டா" என்று வட்ஸ்அப்பில் ஒரு மாதம் மன்றாடி ஓட்டுக் கூரைக்கும் 3 அடித் தாழ்வாரத்துக்கும் சம்மதம் வாங்கினேன். அத்திவாரத்தை உயர்த்தச் சொன்னபோது மட்டும் அம்மாவே என் பக்கம் நின்றார். 2018 டிசம்பர் வெள்ளத்தை அவர் மறக்கவில்லை.

காணி அனுமதிப் பத்திரம் காலமான ஐயாவின் பெயரில் இருந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி மனைவிக்கு அதில் உரித்து உண்டு என்றாலும், அதைக் காகிதத்தில் காட்டக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்துக்கும் நடந்த நடை தனிக்கதை. அதை விடுகிறேன்.

கட்டட அனுமதிக்கு விண்ணப்பத்தோடு படங்களைச் சபையில் கொடுத்தேன். எந்தச் சபை என்பது வேண்டாம். திட்டமிடல் குழு மாதத்தில் ஒருமுறைதான் கூடும், ஒன்றைத் தவறவிட்டால் அடுத்த மாதம்தான். குழு கூடுமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ) காணி பார்க்க வந்தார். படத்தைப் பார்த்தார், காணியைப் பார்த்தார், பிறகு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"அங்க ஒரு கிணறு இருக்கு. கண்டனீங்களோ?"

காணவில்லை. வேலி கிடுகால் அடைத்திருந்தது. வடக்குப் பக்கத்து வீட்டாரின் கிணறு, வேலியிலிருந்து 5 அடியில், சரியாகப் பின்மூலையில். நான் மலக்குழி கீறியிருந்ததும் அதே மூலையில்தான். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி வேண்டும், எனக்கு 22 அடிகூட வரவில்லை. பிழை என்னுடையது. எங்கள் காணியை அங்குல அங்குலமாக அளந்தவள் அயல் காணியை எட்டிப் பார்க்கவில்லை.

குழியைத் தென்மேற்கு மூலைக்கு மாற்றினால் சரி. ஆனால் வாஸ்து பார்த்து வீட்டுக்கு நிலையம் எடுத்துத் தந்த ஐயா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "கன்னி மூலையிலை மலக்குழியோ?" அவர் சொன்ன வாயு மூலையில், அதாவது வடமேற்கில்தான் அயலவரின் கிணறு. வீட்டுக்கு முன்னால் வெட்டலாமா என்று கேட்டபோது அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அடுத்த நாள் டேப்போடு போய் இரண்டு பக்கத்து வீட்டுக் கிணறுகளையும் அளந்தேன். தெற்கு வீட்டுக்காரர் நான் எல்லை பிடிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து, பழைய நில அளவைப் படத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். தேநீர் குடித்து முடிக்கும்வரை அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அவருடைய கிணறு காணியின் நடுப்பகுதிக்கு நேரே இருந்தது, பின்பக்கத்துக்குத் தொந்தரவில்லை. வடக்குக் கிணற்றின் 50 அடி மட்டும் எங்கள் காணிக்குள் 45 அடி வந்தது. பின்வேலியோரம் மிச்சம் 35 அடி, அதுவும் கன்னி மூலையோடு சேர்த்து.

நிலையம் எடுக்கிற ஐயாவிடம் திரும்பப் போனேன். "ஐயா, கன்னி மூலை எண்டால் எத்தனை அடி?" இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் போல. கொஞ்ச நேரம் யோசித்தார். காணியை ஒன்பது கூறாக்கினால் மூலைக் கூறு ஒன்று, அதுதான் கன்னி மூலை என்றார். 80 அடியில் மூன்றில் ஒன்று, ஏறத்தாழ 27 அடி. 35இல் 27 போக 8 அடி. வளையம் இறக்கும் குழி 5 அடி அகலம். வாசலில் நின்று சத்தமாகவே சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

அந்த 8 அடிக்காக முழுப் படத்தையும் திரும்பக் கீறினேன். குளியலறைகள் மேற்குச் சுவர்ப் பக்கம் போயின, அங்கிருந்த படுக்கையறை கிழக்கே வந்தது. பின்னேர வெயில் இப்போது குளியலறைச் சுவரில்தான் அடிக்கும், படுக்கையறை தப்பியது. உண்மையைச் சொன்னால் முதல் படத்தைவிட இது நல்ல வீடு. இதை நானாகக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

இரண்டு மாதம் பிந்தி அனுமதி கிடைத்தது. வேலை நடக்கும்போது மேசன், மழைச் சாரல் அடிக்கும் என்று குசினியின் காற்றுத் துவாரங்களை என்னிடம் கேட்காமலே பூசிவிட்டார். திரும்ப உடைப்பித்தேன். இணக்கச் சான்றிதழுக்குத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்தபோது குழியைத்தான் முதலில் அளந்தார்.

குடிபூரலுக்குப் போயிருந்தேன். வந்தவர்களுக்கு அம்மா விறாந்தையையோ தாழ்வாரத்தையோ காட்டவில்லை. நேரே பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போய், "இந்தப் பிள்ளைதான் குழிக்கு இடம் பார்த்துத் தந்தது, ஐயாவும் ஓமெண்டவர், பீ.எச்.ஐயும் ஓமெண்டவர்" என்று காட்டினார்.

அடுத்த கிழமை ஓர் அழைப்பு வந்தது. "தங்கச்சி, எங்கட காணிக்கும் ஒரு குழி பார்க்கவேணும்." படம் யார் கீறுகிறார்கள் என்று கேட்டேன்.

"படமெல்லாம் கீறியாச்சு, பிள்ளை. குழி மட்டும்தான்."