மடக்கு சைக்கிளுக்கு சீட் வாங்கும்போது விரலால் அமுக்கிப் பார்க்காதீர்கள்

சீட் வாங்கப் போகிற எல்லோரும் முதலில் செய்வது ஒன்றுதான். சீட்டைக் கையில் எடுத்து நடுவில் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கி, எது நன்றாக உள்ளே போகிறதோ அதுதான் சொகுசு என்று முடிவு செய்துவிடுகிறார்கள். சைக்கிள் சீட்டுக்கு இதைவிடத் தவறான சோதனை கிடையாது. மடக்கு சைக்கிளுக்கு இன்னும் மோசம், ஏனென்றால் அதில் சீட்டுக்கு உட்காருவதைத் தவிர வேறு வேலைகளும் இருக்கின்றன. அதைப் பிறகு சொல்கிறேன்.

சீட்டில் நம் எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பெலும்பின் அடியில் புடைத்திருக்கும் இரண்டு முனைகள். கெட்டியான நாற்காலியில் உட்கார்ந்து உள்ளங்கைகளை அடியில் கொடுத்தால் குத்துமே, அவைதான். எலும்பு எடையைத் தாங்கும், கொஞ்ச நாள் வலித்தாலும் பழகிவிடும். ஆனால் தடித்த ஜெல்லோ மெத்தென்ற ஸ்பாஞ்சோ இருந்தால் அந்த முனைகள் இரண்டும் உள்ளே புதைந்துபோகும், புதைந்ததும் நடுவில் இருக்கும் ஸ்பாஞ்ச் மேலே எழும்பி, தொடையிடுக்கில் நரம்பும் ரத்தக்குழாயும் போகிற மென்மையான இடத்தை அழுத்த ஆரம்பிக்கும். ஐந்து நிமிடம் அருமையாக இருந்த சீட், அரை மணி நேரத்தில் அங்கே மரத்துப்போக வைப்பது இதனால்தான்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது அகலம். இதை வீட்டிலேயே அளக்கலாம், அட்டைப்பெட்டியின் நெளிநெளியான அட்டை ஒரு துண்டு போதும். கெட்டியான பெஞ்சின் மேல் அதைப் போட்டு உட்காருங்கள், சைக்கிளில் எவ்வளவு முன்னால் சாய்வீர்களோ அதே அளவு சாய்ந்துகொண்டு, குதிகாலைச் சற்று உயர்த்தி, சில நொடிகள் அழுத்தமாக இருந்துவிட்டு எழுந்தால் அட்டையில் இரண்டு பள்ளம் தெரியும். ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து இன்னொன்றின் நடுவரை அளந்துகொள்ளுங்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 10 முதல் 16 செ.மீ.க்குள் வரும். பெண்களுக்குச் சராசரியாகக் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசம் அதைவிடப் பெரியது. ஆண்கள் சீட், பெண்கள் சீட் என்று ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்து வாங்காமல் உங்கள் அளவைப் பார்த்து வாங்குங்கள்.

கிடைத்த அளவை அப்படியே சீட்டின் அகலமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, விளிம்புகள் சரிந்து போவதால் உண்மையில் தாங்கும் பகுதி அதைவிடக் குறைவு. கொஞ்சம் சாய்ந்து ஓட்டுகிறவர் 2 செ.மீ. கூட்டலாம், நிமிர்ந்து ஓட்டுகிறவர் 3 அல்லது 4 செ.மீ. வரை போகலாம். அதற்கு மேலே போனால் தொடை உரசும், மிதிக்க மிதிக்க சீட்டே உங்களை முன்னால் தள்ளிவிடும். கடைசியில் சீட்டின் மூக்கின் மேல், அதாவது முன்னால் நீளும் குறுகிய முனையின் மேல் உட்கார்ந்து ஓட்ட வேண்டிவரும்.

நிமிர்ந்தா சாய்ந்தா என்பதில்தான் மடக்கு சைக்கிள் வேறுபடுகிறது. சாதாரண சைக்கிளை நம் உயரத்துக்கு ஏற்ற சைஸில் வாங்கலாம். மடக்கு சைக்கிள் பெரும்பாலும் ஒரே சைஸ், சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டை ஏற்றி இறக்கித்தான் எல்லோரும் ஓட்டுகிறார்கள். பல மாடல்களில் ஹேண்டில்பாரின் உயரத்தை மாற்றவே முடியாது. அதோடு சீட் போஸ்ட் செங்குத்தாக நிற்பதில்லை, பின்னால் சாய்ந்திருக்கிறது. தரையோடு 72 பாகை கோணத்தில் சாய்ந்திருந்தால் சீட்டை 10 செ.மீ. ஏற்றும்போது அது சுமார் 3 செ.மீ. பின்னாலும் போகும். ஆகவே ஒரே சைக்கிளில் உயரமானவர் ஹேண்டில்பாரைவிட மேலே, பின்னால் உட்கார்ந்து நன்றாகச் சாய்ந்து ஓட்டுவார், குட்டையானவர் நிமிர்ந்து, கைகள் நெஞ்சுக்குப் பக்கத்தில் இருக்க ஓட்டுவார். இந்த இருவருக்கும் ஒரே சீட் எப்படிப் பொருந்தும்? அதே மாடல் வைத்திருக்கும் நண்பர் ஒரு சீட்டைப் புகழ்ந்தால், முதலில் அவர் உயரத்தைக் கேளுங்கள். பந்தய சைக்கிள்காரர் சொல்லும் யோசனை இன்னும் தூரம். அவர் எடையில் கணிசமான பங்கு கையிலும் காலிலும் இறங்கிவிடுகிறது, நிமிர்ந்து ஓட்டும் நமக்கு ஏறக்குறைய எல்லாமே சீட்டின் மேல்.

அப்புறம் சின்னச் சக்கரம். சாதாரண சாலை சைக்கிளின் ரிம் 622 மி.மீ. விட்டத்துக்கு இருக்கும், 20 அங்குல மடக்கு சைக்கிளில் பெரும்பாலும் 406, பிராம்ப்டன் போன்ற 16 அங்குல வண்டியில் 349 மட்டும்தான். பெரிய சக்கரம் தாண்டிப் போய்விடும் பள்ளத்துக்குள் இது இறங்கி ஏறும், மேட்டிலும் இன்னும் செங்குத்தாக மோதும். அந்தக் குலுக்கலுக்குத்தான் பலர் சீட்டைப் பழிக்கிறார்கள். சீட்டை மாற்றும் முன் டயரைப் பாருங்கள் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன். பக்கவாட்டில் எழுதியிருக்கும் அதிகபட்ச அழுத்தம் வரை காற்றடித்துவிட்டு சீட் குத்துகிறது என்று சொல்வதில் நியாயமில்லை. எடைக்கு ஏற்றபடி, எழுதியிருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாமல், கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். ஃபிரேமில் இடமிருந்தால் ஒரு அளவு அகலமான டயர் போடுங்கள். விலை உயர்ந்த எந்த ஜெல் சீட்டும் இந்த அளவுக்கு உதவாது.

இப்போது அந்த மற்ற வேலைகள். மடக்கு சைக்கிளில் சீட்தான் கைப்பிடி. பிராம்ப்டனின் சொந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தால் மூக்குக்கு அடியில் விரல் பதியும் மாதிரி வழவழப்பாக ஒரு பிடி வைத்திருப்பார்கள், மடக்கிய வண்டியை அங்கே பிடித்துத்தான் தூக்குகிறோம். பத்துப் பன்னிரண்டு கிலோவை அந்த மூக்கில் பிடித்துப் படியேறுகிறவருக்கு, அடியில் போல்ட்டும் கூரான விளிம்பும் நீட்டிக்கொண்டிருக்கும் சீட் தினமும் கையைப் பதம் பார்க்கும். ஆகவே புது சீட் பார்க்கும்போது மேலே தடவிப் பார்த்தது போதும், கவிழ்த்து மூக்கைப் பிடித்துப் பாருங்கள்.

அடுத்தது உயரம். சீட்டின் அடியில் ஓடும் இரண்டு கம்பிகளிலிருந்து மேல்பரப்பு வரை உள்ள தூரம் மாடலுக்கு மாடல் மாறும், ஸ்பிரிங் வைத்தவற்றில் நன்றாகவே கூடும். குட்டையானவருக்கு இது பெரிய விஷயம், போஸ்ட்டை முழுக்க இறக்கியும் கால் எட்டாமல் போகலாம். மடக்கிய வண்டியும் அந்த அளவுக்கு உயர்ந்துவிடும். ரயில் பெட்டியில் இருக்கும் மேசைக்கு அடியில் கச்சிதமாக நுழைந்த வண்டி நுழையாமல் போவதற்கு அந்த இரண்டு மூன்று சென்டிமீட்டரே போதும். அதிர்வு தாங்கும் சீட் போஸ்ட் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். குலுக்கலுக்கு அது உண்மையிலேயே நல்லது, ஆனால் அதன் பொறிமுறை மேல்பகுதியில் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் போஸ்ட் முழுதாக உள்ளே இறங்காது. பிராம்ப்டனில் போஸ்ட்டை முழுக்க இறக்கினால்தான் மடிப்பே பூட்டிக்கொள்கிறது, அங்கே இது ஒத்துவராது. மற்ற வண்டிகளில் போஸ்ட்டின் விட்டத்தைப் பாருங்கள், சாதாரண சைக்கிளில் அதிகம் பார்ப்பது 27.2 மி.மீ., டாஹோன், டெர்ன் வண்டிகள் பலவற்றில் 33.9. 27.2 போஸ்ட்டை அங்கே பொருத்த, நடுவில் இடைவெளியை நிரப்பும் ஷிம் என்ற குழாய்த் துண்டை வைக்க வேண்டிவரும்.

தோல் சீட் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. புரூக்ஸ் பி17 நூறு ஆண்டுகளுக்கு மேலாக விற்பனையில் இருக்கிறது, நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் அதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அதில் ஸ்பாஞ்சே கிடையாது. முன்னும் பின்னும் இழுத்துக் கட்டிய தடித்த தோல், அவ்வளவுதான், கயிற்றுக் கட்டிலைப் போல உட்கார்ந்தவரின் எலும்பு படும் இடத்தில் மட்டும் மெல்ல மெல்ல இளகிக் கொடுக்கும். அகலம் சுமார் 17 செ.மீ., ஓரளவு சாய்ந்து ஓட்டுகிறவருக்கு ஏற்றது. நிமிர்ந்து ஓட்டுகிறவருக்கு அதே நிறுவனத்தின் ஸ்பிரிங் வைத்த பி67 இன்னும் அகலம். ஆனால் அரை கிலோவுக்கு மேல் எடை, பழக நாளாகும், மழையில் ஊறவிடக் கூடாது, புதிதில் வெளிர் நிற பேண்ட்டில் சாயம் ஒட்டவும் கூடும். அலுவலக உடையில் தினமும் ஐந்து கிலோமீட்டர் போகிறவருக்கு இத்தனை பராமரிப்பு தேவையா என்று யோசியுங்கள். மழை அதிகம் என்றால் நான் அதை வாங்கச் சொல்ல மாட்டேன். நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள, ஓரளவு கெட்டியான ஸ்பாஞ்ச் சீட்டே பெரும்பாலானவருக்குப் போதும்.

சீட் நல்லதாக இருந்தும் வலிக்கிறது என்பவர்களில் பலருக்குப் பிரச்சினை உயரம். சாதாரண சைக்கிளில் ஒரு முறை வைத்தால் அப்படியே இருக்கும், இதில் ஒவ்வொரு முறை விரிக்கும்போதும் உயரம் புதிதாகத் தீர்மானமாகிறது. குதிகாலை பெடலில் வைத்து அது கீழே இருக்கும்போது கால் நேராகும் உயரம் நல்ல தொடக்கம், அந்த இடத்தில் போஸ்ட்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். போஸ்ட்டிலேயே எண்கள் பொறித்திருந்தால் உங்கள் எண்ணை நினைவில் வைத்தால் போதும். எப்படி இருந்தாலும் போஸ்ட்டில் போட்டிருக்கும் குறைந்தபட்சச் செருகல் கோடு வெளியே தெரியும் அளவுக்கு ஏற்ற வேண்டாம். அதிக உயரம் என்றால் இடுப்பு இடமும் வலமும் ஆடி உரசும், குறைவு என்றால் முழு எடையும் சீட்டில் விழும், முட்டியும் வலிக்கும். ஓட்ட ஓட்ட சீட் மெல்ல இறங்குவதும் உண்டு. அப்படியானால் போஸ்ட்டையும் அது செருகும் குழாயையும் எண்ணெய்ப்பசை போகத் துடையுங்கள், கிளாம்ப்பைக் கொஞ்சம் இறுக்குங்கள். இறங்கி ஏறும் போஸ்ட்டில் கிரீஸ் தடவுவதை நல்ல எண்ணத்தில் சிலர் செய்கிறார்கள், அது பிடிப்பையே கெடுக்கும்.

சீட்டின் சாய்வை மட்டத்திலிருந்து தொடங்குங்கள். மூக்கு மேலே பார்த்தால் மரத்துப்போகும். அதிகம் கீழே பார்த்தால் வழுக்கி வழுக்கி முன்னால் வந்து எடையெல்லாம் மணிக்கட்டில் இறங்கும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள், எது உதவியது என்று தெரியாமல் போய்விடும். சாய்வை ஒரு நாள் கொஞ்சம் மாற்றி ஓட்டுங்கள், பிறகு முன்பின் நகர்த்திப் பாருங்கள்.

புது சீட்டில் முதல் இரண்டு வாரம் எலும்பு முனைகளில் மந்தமாக வலித்தால் கவலைப்பட வேண்டாம். தொடையின் உள்பக்கம் புண்ணானால் மூக்கு அகலம், வேறு சீட் பாருங்கள், தடித்த தையல் உள்ள ஜீன்ஸையும் சந்தேகப்படுங்கள். மரத்துப்போவதை மட்டும் எந்த நிலையிலும் பொறுத்துக்கொள்ளாதீர்கள், அது பழகுகிற விஷயம் கிடையாது. நரம்பு அழுந்துகிறது என்று அர்த்தம். அவ்வப்போது பெடலில் எழுந்து நின்றால் அந்த நேரத்துக்குச் சரியாகும், ஆனாலும் சாய்வைச் சரிசெய்யுங்கள், அதிலும் போகவில்லை என்றால் சீட்டை மாற்றிவிடுங்கள். இறங்கி நெடுநேரம் ஆன பின்னும் மரத்தே இருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

திருப்பிக் கொடுக்க அனுமதிக்கும் கடையில் வாங்குவது நல்லது, ஓரிரு நிமிட ஓட்டத்தில் எந்த சீட்டையும் மதிப்பிட முடியாது. பழைய சீட்டைக் கழற்றும் முன் அதன் உயரத்தையும் சாய்வையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், புதியதை அதே இடத்தில் வைத்துத் தொடங்கலாம்.