பகுதி, விகுதி, பாரிஸ்

1988இல் பாரிசில் வந்திறங்கியபோது எனக்குத் தெரிந்த பிரெஞ்சு ‘மெர்சி’ ஒன்றுதான். மூன்றாம் கிழமையே ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவப் போய்விட்டேன். ஓர் இரவு மலைபோலக் குவிந்ததையெல்லாம் கழுவி அடுக்கிவிட்டு, சமையல் பெரியவரிடம் பெருமையாக, ‘ஜ சுயி ஃபினி’ என்றேன். முடித்துவிட்டேன் என்று சொன்னதாக நினைப்பு. மனுசன் என்னை மேலும் கீழும் பார்த்து, தோளில் தட்டி, ‘இன்னும் இல்லை’ என்றார். குசினியே சிரித்தது. நான் சொல்லியிருந்தது, ‘என் கதை முடிந்தது’ என்று. ‘ஜே ஃபினி’ என்றிருக்கவேண்டும்.

வில்லங்கம் முழுவதும் இரண்டு துணைவினைகளில். ‘எத்ர்’ என்றால் இரு, என் ‘சுயி’ அதிலிருந்து வந்தது; ‘அவுவார்’ என்றால் வைத்திரு, ‘ஜே’யில் ஒளிந்திருப்பது அது. நடந்து முடிந்ததைச் சொல்லும்போது பெரும்பாலான வினைகளுக்கு அவுவார்தான் முன்னால் நிற்கும். போ, வா, பிற, சா போன்ற கொஞ்சம் எத்ரைக் கேட்கும். பசியையும் வயதையும்கூட அவர்கள் அவுவார் போட்டு ‘வைத்திருப்பார்கள்’. ‘எனக்கு 22 வயது’ என்பதை ‘எத்ர்’ போட்டுச் சொல்லி நான் வாங்கிய சிரிப்பு வேறு.

பிறகு ஒரு மாலை வகுப்பில் சேர்ந்தேன். ஆசிரியை ‘பேசு’ என்னும் வினையைப் பலகையில் எழுதினார். ‘நூ பார்லோன்’, பேசுகிறோம். ‘நூ பார்லியோன்’, பேசிக்கொண்டிருந்தோம். ‘நூ பார்லெரோன்’, பேசுவோம். பக்கத்தில் இருந்தவர்கள் அதைப் பாட்டுப்போலப் பாடமாக்கினார்கள். எனக்கோ எங்கள் பள்ளிக்கூடத்து ஒன்பதாம் வகுப்பும், தமிழ் வாத்தியாரின் வெண்கட்டியும் கண்முன்னே வந்து நின்றன.

சொல்லைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் பாடம். வந்தான்: வா + த் + த் + ஆன். ‘வா’ பகுதி, ‘வ’ எனக் குறுகியது விகாரம். முதல் ‘த்’ சந்தி, அதாவது நடுவில் நின்று ஒட்டவைக்கும் எழுத்து, ‘ந்’ ஆனது விகாரம். அடுத்த ‘த்’ இறந்தகால இடைநிலை. ‘ஆன்’ ஆண்பால் விகுதி. பிழைத்தால் பிரம்பு.

அந்தக் கத்தியாலேயே பலகையில் இருந்ததையும் வெட்டினேன். ‘பார்ல்’ பகுதி. ‘இ’ வந்தால் இறந்தகாலம், ‘எர்’ வந்தால் எதிர்காலம். ‘ஓன்’ தன்மைப் பன்மை விகுதி, நம்முடைய ‘ஓம்’ மாதிரியே. ‘பேசுவோம்தான், ஆனால்...’ என்று இழுக்கும்போது இரண்டு இடைநிலையும் அடுத்தடுத்து வரும்: ‘பார்லெரியோன்’. பத்து வினையில் ஒன்பது ‘எ’ ஒலியில் முடிகிற இந்தக் கூட்டம்தான் என்று ஆசிரியை சொன்னபோது, பாதிக் கிணறு தாண்டிய தைரியம் வந்தது.

மீதிப் பாதியில்தான் எத்ர், அவுவார், ‘அலே’ எல்லாம் நிற்கின்றன. அலே என்றால் போ. ‘ஜ வே’, போகிறேன். ‘நூசலோன்’, போகிறோம். ‘ஜிரே’, போவேன். ஒரு வினைக்கு மூன்று பகுதி! இது என்ன அநியாயம் என்று பல்லைக் கடித்தேன். வா, வருகிறேன், வந்தேன் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் எங்கள் வீட்டு அநியாயமும் தெரிந்தது. அலே நமக்கு ஓர் உபகாரமும் செய்கிறது. ‘ஜ வே மான்ஜே’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘சாப்பிடப் போகிறேன்’.

பொல்லாதது காதுக்கு. நமக்கு ‘வந்தேன்’ என்றால் போதும், ‘நான்’ வேண்டியதில்லை, விகுதி சொல்லிவிடும். பிரெஞ்சில் நான், நீ, அவன், அவர்கள் என்ற நாலு பேரும் ‘பார்ல்’ என்றே பேசுவார்கள். தாளில் மூன்று விதமாக எழுத்துக் கூட்டி எழுதவேண்டும், வாயில் ஒன்றுதான். யார் பேசுவது என்று சொல்லாமல் தப்பமுடியாது. அதோடு ‘து’ நீ, ‘வூ’ நீங்கள். இடையிலே நம்முடைய ‘நீர்’ இல்லை. யாழ்ப்பாணத்தானுக்கு அது பெரிய குறை.

2003இல், போர்நிறுத்தத்தில் யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்த நேரம், ஊருக்குப் போய் வாத்தியாரைப் பார்த்தேன். திண்ணையில் இருந்து ‘பார்லெரோன்’ஐப் பிரித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

“எல்லாம் சரி, தம்பி. சந்தி எங்கை?”

விழித்தேன். மறுமொழி விமானத்தில்தான் வந்தது. ‘அவன் பேசுகிறானா?’ என்று கேட்க வினையை முன்னால் போடுவார்கள்; ‘பார்ல்’, அவன் என்னும் ‘இல்’ இரண்டுக்கும் நடுவே ஓர் எழுத்துத் தோன்றும். ‘பார்ல்-த்-இல்’. அதே ‘த்’. பாரிசில் இறங்கியதும் முதல் வேலையாக ஒரு தபாலட்டை வாங்கினேன்.